கண்ணையுமா அசைக்கக் கூடாது?

‘கண் இமைக்கும் நேரத்தில்’ என்று நாம் மிகச் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். மிகக் குறைந்த நேரம் என்பதைத் தவிர வேறு பொருள் அதில் இருப்பதாக நாம் நினைப்பதில்லை. ஆனால் தொல்காப்பியர் அதை ஓர் அளவுகோலாகவே வைத்தார். எழுத்தின் ஒலியளவான மாத்திரைக்குக் கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் அளவாகச் சொன்னார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று தமிழ்ப்பள்ளியில் விரலைச் சொடுக்கிச் சொடுக்கிப் படித்தோமே, அதே பாடம்தான். அந்தப் பாடம் பல்கலைக்கழகத்தில், அதுவும் மருத்துவப் படிமவியல் வகுப்பில், மீண்டும் என் முன்னால் வந்து நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு முறை இமைத்துத் திறக்க 0.1 முதல் 0.4 நொடி வரை ஆகிறது. ஒரு நிமிடத்தில் 15 முதல் 20 முறை இமைக்கிறோம். இதனால் நமக்கு ஓர் இடைஞ்சலும் இல்லை. ஆனால் எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படிமக் கருவிக்கு இது பெரிய இடைஞ்சல். கண்ணை எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது உண்டாகும் அசைவுப் பிழையைக் குறைப்பது எப்படி என்பதுதான் என் இறுதியாண்டு ஆய்வின் தலைப்பு. “வேறு தலைப்பே கிடைக்கவில்லையா?” என்று தோழிகள் சிரித்தார்கள். இந்தத் தலைப்பை எனக்குக் கொடுத்தது என் பாட்டியின் வலது கண்.

நான் கெடா மாநிலத்துப் பீடோங்கில் வளர்ந்தவள். பாட்டி அந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியானபோது எங்கள் குடும்பமும் டவுன் பக்கம் குடிபெயர்ந்தது. நான் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தேன். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே அறிவியல் மலாயில் வந்தது. பல்கலைக்கழகத்தில் அதே அறிவியல் ஆங்கிலத்தில் வந்தது. பாட்டியிடம் பேசுவது மட்டும் என்றும் தமிழில்தான். மூன்று மொழி தெரியும் என்று நம்மில் பலர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஒரு மொழியில் படித்ததை இன்னொரு மொழியில், அதுவும் ஒரு பாட்டிக்குப் புரியும்படி, சொல்ல வேண்டிய நாள் வரும்போதுதான் அந்தப் பெருமைக்கு வேலை வருகிறது.

படம் எப்படி உருவாகிறது?

நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தத்தைப் போன்றது. மருத்துவமனைகளில் பரவலாக உள்ள எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப் புலம் 1.5 டெஸ்லா. இது பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. அந்தப் புலத்துக்குள் நாம் படுத்திருக்கும்போது வானொலி அலையைச் செலுத்தினால், அணுக்கருக்கள் அதை வாங்கிக்கொண்டு மெல்லிய குறிப்பலையாகத் திருப்பித் தருகின்றன. அந்தப் பதில் உடலின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று எப்படி அறிவது? காந்தப் புலத்தை இடத்துக்கு இடம் சற்றே மாற்றி வைத்தால் அறியலாம் என்று 1973-இல் அமெரிக்காவின் பால் லாட்டர்பர் காட்டினார். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட் அந்த முறையின் கணிதத்தையும் வேகத்தையும் வளர்த்தார். இருவருக்கும் 2003-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கைப்பேசிக் கேமரா ஒரே சொடுக்கில் படம் எடுத்துவிடுகிறது. எம்.ஆர்.ஐ. அப்படி எடுப்பதில்லை. அது தகவலை வரி வரியாகச் சேர்க்கிறது. ஒரு படத்துக்கு 256 வரிகள் வேண்டும், ஒரு வரிக்கு அரை நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 128 நொடி. அதாவது இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். இப்படிப் பல வகைப் படங்கள் எடுக்க வேண்டியிருப்பதால் நோயாளி அரை மணி நேரம்கூட உள்ளே படுத்திருக்க நேரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வரி என்பது படத்தின் ஒரு வரிசை அன்று. ஒவ்வொரு வரியிலும் முழுப் படத்தையும் பற்றிய ஒரு பங்குத் தகவல் இருக்கிறது. எல்லா வரிகளும் சேர்ந்த பிறகு கணினி கணக்குப் போட்டுத்தான் படம் வெளிவருகிறது. திருவிழாவில் உருமி மேளம் அடிக்கும்போது ஒருவர் தாளம் தப்பினால் அவர் நிற்கும் இடத்தில் மட்டுமா கெடுகிறது? மொத்த மேளமும் கெட்டுப் போகிறதல்லவா? அப்படித்தான் இதுவும். நடுவில் கண் ஒரு முறை திரும்பினால் போதும். அதன் விளைவு படத்தில் பரவி நிற்கும். கண்ணின் விளிம்பு ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் பல சாயல்களாய்த் தெரியும். ஆங்கிலத்தில் இதற்குப் பேய் என்று பொருள்படும் சொல்லை வைத்திருக்கிறார்கள். நான் என் குறிப்பேட்டில் ‘பொய்யுரு’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கண் எவ்வளவு அசைந்தால் படம் கெடும்? மனிதக் கண் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்ட உருண்டை. அது ஒரே ஒரு பாகை திரும்பினால் அதன் மேற்பரப்பு 0.2 மில்லிமீட்டர் நகர்கிறது. விழித்திரையின் தடிப்பே கால் மில்லிமீட்டர் அளவுதான். பத்துப் பாகை திரும்பினால் 2 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கண்ணைச் சுழற்றும் தசைகளின் தடிப்பே சில மில்லிமீட்டர்தான் என்னும்போது, இது சிறிய பிழை அன்று.

பாட்டியின் கண்

பாட்டி பல ஆண்டுகளாகத் தைராய்டு மருந்து சாப்பிட்டு வந்தவர். ஒரு கட்டத்தில் வலது கண் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. பிறகு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கியது. தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். சாமி மேடையில் ஒரு விளக்கை ஏற்றிவிட்டு “ரெண்டா எரியுது” என்றார். மருத்துவர் தைராய்டு கண் நோய் என்று சந்தேகித்தார். இந்த நோயில் கண்ணுக்குப் பின்னாலுள்ள தசைகளும் கொழுப்பும் வீங்கிக் கண்ணை வெளியே தள்ளுகின்றன. வீக்கம் மிகுந்து பார்வை நரம்பை நெருக்கினால் பார்வையே போகலாம்.

மருத்துவர் அறிய விரும்பியது ஒன்றுதான். வீக்கம் இன்னும் சூடாக இருக்கிறதா, அல்லது ஆறித் தழும்பாகிவிட்டதா? சூடாக இருக்கும் தசையில் நீர் கோத்திருக்கும். அதை எம்.ஆர்.ஐ. தனியாகக் காட்டிக் கொடுக்கும். அந்த நிலையில் ஸ்டீராய்டு மருந்து பலன் தரும். தழும்பாகிவிட்ட பிறகு கொடுத்தால் பெரிதாகப் பலன் இராது. பக்க விளைவுகள்தாம் மிஞ்சும். ஆகவே அந்தப் படத்தை நம்பித்தான் அடுத்த முடிவு இருந்தது.

அப்பா வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, வட மாநிலத்து மருத்துவமனை ஒன்றுக்குப் பாட்டியை அழைத்துச் சென்றார். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இருந்தேன். சில நாளில் செய்தி வந்தது. படம் கலங்கிவிட்டது, தசையின் உள்பகுதியைப் பற்றி ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது, மறுபடியும் எடுக்க வேண்டும். அடுத்த தேதி ஐந்து வாரம் கழித்து. “பேஷன்ட் அசைந்துவிட்டார்” என்று காரணம் சொன்னார்களாம்.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனதும் பாட்டியிடம் கேட்டேன். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஜாங்கான் கெராக்னு சொன்னாங்க. எனக்கு மலாய் தெரியாதா? கை கால ஆட்டவே இல்ல. மூக்கு அரிச்சிச்சு, அதைக்கூட சொறியல. கட்ட மாதிரிக் கெடந்தேன் பாப்பா.”

“கண்ணு, பாட்டி?”

“மூடித்தான் வச்சிருந்தேன். அந்த மிஷினு ஒரு பக்கம் டொக்கு டொக்குங்குது, அப்பறம் இந்தப் பக்கம் கீய்ங்குது. என்னாடா சத்தம்னு உள்ளுக்குள்ளயே பார்த்துக்கிட்டுக் கெடந்தேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “கண்ணையுமா அசைக்கக் கூடாது? அத யாரும் சொல்லலியே!” என்றார்.

என் ஆய்வு முழுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்ததுதான். பாட்டி சொன்ன சொல்லைத் தவறாமல் காப்பாற்றியிருக்கிறார். அசையாதே என்றால் உடம்பை அசைக்காதே என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். இமை மூடியிருந்தாலும் உள்ளே விழி ஓடிக்கொண்டிருக்கும் என்பதும், சத்தம் வந்த திசைக்கு அது தானாகவே திரும்பும் என்பதும், படம் எடுப்பது அந்த விழியைத்தான் என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்?

உலகம் கண்ட வழிகள்

ஆய்வுக்காகப் படிக்கத் தொடங்கியபோதுதான் இந்தச் சிக்கலை எத்தனை பேர் எத்தனை வழியில் அணுகியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

முதல் வழி, வேகம். ஒரு தளத்துப் படத்துக்கு வேண்டிய எல்லா வரிகளையும் ஒரே மூச்சில், ஒரு நொடி அளவில் சேர்த்துவிடும் முறைகள் உண்டு. அசைவதற்கு நேரமே இராது. ஆனால் படத்தின் கூர்மை குறையும். கண்ணுக்கு மிக அருகில் ஒரு சிறிய ஏற்புச் சுருளை வைத்தால் குறிப்பலை வலுவாகக் கிடைக்கும். அதைக் கொண்டும் நேரத்தைக் குறைக்கலாம்.

இரண்டாவது வழி, பொய்யுருவை விலக்கி வைப்பது. பொய்யுரு எல்லாப் பக்கமும் சமமாகப் போவதில்லை. படத்தின் இரண்டு திசைகளில் ஒன்றில், அதாவது வரிக்கு வரி மாற்றிச் சேர்க்கும் திசையில்தான் அது பெரும்பாலும் பரவும். அந்தத் திசையைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் இருக்கிறது. மூளையைப் படமெடுக்கும்போது அதை இடமிருந்து வலமாக வைத்துக்கொண்டால், கண்ணின் பொய்யுரு மூளையின்மேல் விழாமல் பக்கவாட்டில் போய்விடும்.

மூன்றாவது வழி, பிறகு திருத்துவது. 1999-இல் ஜேம்ஸ் பைப் என்பவர் புரொப்பெல்லர் என்னும் முறையை வெளியிட்டார். விசிறி இறக்கையைப் போலத் தகவலைச் சுழற்றிச் சுழற்றிச் சேர்ப்பார்கள். ஒவ்வோர் இறக்கையும் நடுப்பகுதியைத் தொட்டுச் செல்வதால், எந்த இறக்கையின்போது அசைவு நேர்ந்தது என்று கணினி ஒப்பிட்டுக் கண்டுபிடித்துச் சரி செய்யும். தலை மொத்தமாக அசைந்தால் இது நன்றாகக் கைகொடுக்கும். தலை அப்படியே இருக்கக் கண் மட்டும் சுழன்றால் அந்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை. பாட்டியின் சிக்கல் இந்த இரண்டாவது வகை.

நான்காவது வழிதான் என்னை மிகவும் கவர்ந்தது. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் கண்ணுக்குள் வரும் புற்றுக்கட்டியை 7 டெஸ்லா கருவியில் படமெடுத்தவர்கள் 2013-இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் நோயாளியை இமைக்காதே என்று தடுக்கவில்லை. எப்போது இமைக்கலாம் என்று குறிப்புக் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் கருவி தகவல் சேர்க்காமல் காத்திருக்கும். தேவர்களுக்கு இமையவர் என்று ஒரு பெயர் உண்டு. கண் இமைக்காதவர்கள் என்று தமிழாசிரியர் விளக்கம் சொன்னது நினைவிருக்கிறது. மருத்துவமனைக்கு வருகிறவர்கள் இமைக்கிற மனிதர்கள். மனிதரை மாற்ற முயலாமல், இமைப்புக்கு இடம் விட்டுக் கருவியின் வேலையை அமைத்தார்களே, அது எனக்குப் பெரிய பாடமாகப் பட்டது.

என் ஆய்வு இவ்வளவு பெரியதன்று. இரண்டு பிங்பாங் பந்துகளுக்குள் அகார்-அகார் ஊற்றிக் கண் போல ஆக்கிக்கொண்டோம். ஒன்று அப்படியே இருக்கும். மற்றொன்றை உலோகமில்லாத நீண்ட குச்சியால் திருப்பலாம். படம் எடுக்கத் தொடங்கியவுடன் திருப்பினால் கலக்கம் குறைவாக இருந்தது. நேரம் பாதியாகும்போது திருப்பினால் படம் அடையாளமே தெரியாமல் போனது. எங்கள் வரிசை முறையில் படத்தின் மொத்த வடிவத்தையும் மாறுபாட்டையும் தாங்கும் வரிகள் நடுவில் சேர்க்கப்படுவதே காரணம். எந்த நேரத்தில் அசையாமல் இருப்பது மிக முக்கியம் என்று நோயாளிக்குச் சொல்ல முடிந்தால் அதற்கும் பயன் உண்டு என்று அன்று புரிந்தது.

தமிழில் ஒரு பக்கம்

ஐந்து வாரம் இருந்ததல்லவா? பாட்டிக்காக ஒரு பக்கம் எழுதினேன். இரண்டு விதமாக எழுதி வாசித்துக் காட்டினேன். ஒன்றில் ‘விழிகளை நிலைநிறுத்தவும்’ என்று இருந்தது. “போலீசு மாதிரி இருக்கு” என்று பாட்டி அதைத் தள்ளிவிட்டார். அவர் தேர்ந்தெடுத்தது இது:

1. கண்ணை லேசாக மூடுங்க, தூங்கும்போது மூடுகிற மாதிரி. இறுக்கி மூடாதீங்க. இறுக்கினால் உள்ளே முழி மேலே ஏறிடும்.
2. மூடின கண்ணுக்குள் நேராகப் பாருங்க. சத்தம் எந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பக்கம் முழியை ஓட்டாதீங்க.
3. சத்தம் கேட்கிற வரைக்கும்தான் படம் எடுக்கிறாங்க. சத்தம் நின்னதும் எச்சில் முழுங்கலாம், கண்ணை உருட்டிக்கலாம். உடம்பை மட்டும் அசைக்காதீங்க.
4. தாலிக் கொடியில் ஊக்கு மாட்டியிருந்தால் முதலிலேயே எடுத்திடுங்க. கண்ணுக்கு மை வைக்காமல் வாங்க.
5. கண்ணுக்குள் எப்போதாவது இரும்புத் தூள் விழுந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்க.

நான்காவதற்குக் காரணம் உண்டு. நம் பெண்கள் தாலிக் கொடியிலேயே ஊக்கை மாட்டி வைத்திருப்பார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. எஃகு ஊக்கை இழுக்கும். கடையில் விற்கும் மைகள் சிலவற்றில் இரும்பு ஆக்சைடு இருப்பதால் கண்ணைச் சுற்றிப் படம் கெடும். ஐந்தாவது இன்னும் முக்கியமானது. கண்ணுக்குள் தெரியாமல் தங்கியிருந்த இரும்புத் துணுக்கு எம்.ஆர்.ஐ. காந்தத்தால் நகர்ந்து ஒருவர் கண் பார்வை இழந்த செய்தி 1986-இல் மருத்துவ ஆய்விதழில் வெளியாகியிருக்கிறது. தோட்டத்துப் பட்டறையில் அரைச்சக்கரம் பிடித்தவர்கள் நம் தாத்தாக்களில் எத்தனை பேர்! படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. கேள்வி புரிந்தால்தானே சரியான பதில் வரும்?

வீட்டில் பாயில் படுக்க வைத்து, கைப்பேசியில் எம்.ஆர்.ஐ. சத்தத்தைப் போட்டுவிட்டுப் பயிற்சி செய்தோம். மூடிய இமைக்கு மேல் விழி ஓடுவது வெளியிலிருந்தே தெரியும். முதல் நாள் சத்தம் மாறும்போதெல்லாம் ஓடியது. “எதையாவது நினைச்சுக்கிட்டுப் பாருங்க பாட்டி” என்றேன். இரண்டு நாள் கழித்து அவரே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். “விடியக்காலையில நெத்தி விளக்கு வெளிச்சத்துல மரத்துல கோடு போடுவோமே, அந்தக் கோட்டப் பார்க்குற மாதிரி நெனச்சுக்கிட்டேன். அப்ப கண்ணு வேற எங்கயும் போவாது. போனா பட்டையில காயம் பட்டுரும்ல?” முப்பது ஆண்டு செய்த வேலை அவர் கண்ணுக்குள் அப்படியே இருந்தது.

இரண்டாவது முறை நானும் உடன் போனேன். படம் எடுக்கும் மலாய் அண்ணனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி மலாயில் விளக்கினேன். அவர் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டு, “கண்ணு நேரா”, “இப்ப ரெஸ்ட்” என்ற இரண்டு தொடர்களைத் தம் கையிலேயே எழுதிக்கொண்டார். ஒலிபெருக்கி வழியாக அதையே சொன்னார். படங்கள் தெளிவாக வந்தன. தசைகள் நீர் கோத்து வீங்கியிருப்பது தெரிந்தது. சூடு இன்னும் ஆறவில்லை. பன்னிரண்டு வாரம், வாரம் ஒரு முறை நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். வீக்கம் குறைந்தது, பார்வை நரம்பு தப்பியது. கண் பழையபடி முழுதாக உள்ளே போகவில்லை. ஓரமாகப் பார்த்தால் இன்னும் இரண்டாகத்தான் தெரிகிறது. நேராகப் பார்த்தால் விளக்கு ஒன்றுதான்.

ஒரு பக்கத் தமிழ் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கண் தானாகவே ஆடிக்கொண்டிருக்கும் நோய் உள்ளவருக்கு எந்த மொழியில் சொன்னாலும் பயனில்லை. கண்ணில் புற்றுக்கட்டி வந்த பச்சிளம் பிள்ளைகளைப் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் படமெடுக்கிறார்கள். வேகமான முறைகளும் திருத்தும் கணக்குகளும் தேவைதான். ஆனால் காதும் கேட்டு மனமும் ஒத்துழைக்கத் தயாராக இருக்கும் ஒருவருக்கு, எதை அசைக்கக் கூடாது என்று அவருக்குப் புரிகிற மொழியில் சொல்வதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

சுங்கைப்பட்டாணி, கூலிம், லுனாஸ், பாடாங் செராய் என்று நம் ஊர்களிலிருந்து வந்து மருத்துவம், தாதியியல், மருந்தியல், பொறியியல் படிக்கும் நண்பர்களே! நம் துறைக் கலைச்சொற்களுக்கெல்லாம் தமிழ் கண்டுபிடிக்கும் வேலையை அறிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள். அது வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் துறையில் ஒரு நோயாளி கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டிய ஐந்து வாக்கியங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தமிழில் எழுதி வீட்டிலுள்ள பாட்டி தாத்தாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்துவார்கள். இன்சுலின் ஊசி போடும் முறைக்கு ஒரு பக்கம், டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு ஒரு பக்கம், கண்புரை அறுவைக்குப் போகிறவருக்கு ஒரு பக்கம் என்று இந்த ஆண்டுக்குள் நம் கழகத்தால் இருபது பக்கங்கள் சேர்க்க முடியாதா? என் பக்கம் தயாராக இருக்கிறது. ‘முழி’ என்பதா ‘விழி’ என்பதா என்று பாட்டிக்கும் எனக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை. உங்கள் வீட்டில் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.